பேச்சாளர் அ

பேராசிரியருக்குத் தன் வீட்டில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை ஊர் ஊராகப் போய் மாநாடுகளில் விளக்கியிருக்கிறார். மொழியியல் அவர் துறை. ஒருவரை வேலை ஏவும்போது அவர் கௌரவத்தில் ஒரு கீறல் விழுகிறது. அதன் மேல் தடவும் களிம்புதான் பணிவுச் சொற்கள். அதிகாரம் கூடக் கூடக் களிம்பு குறையும் என்பது அவர் கோட்பாடு. வீட்டில் அவர் "தண்ணி" என்பார். தண்ணீர் வரும். அதை அவர் ஆராய்ந்ததில்லை.

தண்ணீர் கொண்டுவரும் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. அந்த வருடம் தலைமை மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். அடுத்தது தான்தான் என்று அவள் நம்பினாள், சலவைக்கூடமே நம்பியது. நேர்முகத் தேர்வுக்கு நாளும் குறித்தாயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர், நிர்வாகியின் அனுமதியோடு, ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தார்.

"வாங்க மாமா! அக்கா உங்களையும் துவைக்கப் போட்டுட்டாங்களா?" என்றாள், எல்லோரும் ஊசி என்று கூப்பிடும் ஒல்லிப் பெண். 'போலி உறவுச்சொல்' என்று எழுதிக்கொண்டார் மாமா.

சலவை இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளைக்குப் பக்கத்தில், கதை பேசியபடி கையை நீட்டிவிட்டாள் ஊசி.

"ஏய் எருமை! கையை எடு! உன் வீட்டுக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கத்தினாள் பேராசிரியரின் மனைவி.

ஊசி வெடுக்கென்று கையை இழுத்தாள். "அவரு கேக்கவே மாட்டாரு அக்கா. வேற ஆளு பாத்துக்குவாரு."

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஊசியின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வீட்டுக் கூடத்தில் உரைக்கு ஒத்திகை பார்த்தார். நிர்வாகி மருத்துவமனையிலேயே அவரைப் பேச அழைத்திருந்தார். "பேச்சாளர் அ," என்று அறிவித்துவிட்டுக் கருவியைத் தட்டினார். ஏய் எருமை, கையை எடு. பிறகு மயான அமைதி. அதிகாரத்தின் நிர்வாண வடிவம் என்று அதற்கு விளக்கம் வேறு.

"அவங்க சிரிச்சாங்களே, அது எங்க?" என்று கேட்டாள் மனைவி.

"அது இரைச்சல்மா. மெஷின் சத்தத்தோட சேத்து வடிகட்டிட்டேன்."

"அப்ப இதையும் எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை தேர்வு. அந்த நிர்வாகிதான் கேள்வி கேப்பாரு."

"உன் பேரு போடலையே. அ-ன்னுதான் போட்டிருக்கேன்."

"என் குரல் தெரியாதவங்க அந்தக் கட்டடத்துல யாரு இருக்கா?"

"உணர்ச்சிவசப்படாதே. இது விஞ்ஞானம்."

இந்த மனிதரின் பேச்சில் மயங்கித்தான் அவரைக் கட்டிக்கொண்டோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. தன் மேலேயே அவளுக்கு இளக்காரமாக இருந்தது.

உரைக்குப் பலத்த கைதட்டல். வெள்ளிக்கிழமை தேர்வில் நிர்வாகி குழைந்தார்: "உங்க கணவர் அருமையாப் பேசினாருங்க. நீங்களும் கொஞ்சம் பக்குவமாப் பேசலாமே?"

"பக்குவமாப் பேசி முடிக்கறதுக்குள்ள கை வெந்துடும் சார்."

"பாருங்க, இதையே நயமாச் சொல்லலாம்."

பதவி கிடங்குக்காரனுக்குப் போயிற்று. அவனுக்குச் சர்க்கரை என்று பட்டப்பெயர். தயவுசெய்து சொல்லாமல் தும்மக்கூட மாட்டான். அழுக்குத் துணியை அவன் தொட்டுப் பார்த்தவர் கிடையாது.

அன்று மாலை பேராசிரியர் பூரிப்போடு வந்தார். "புத்தகமாப் போடறாங்க! பேசினவங்க எல்லாரும் சம்மதக் கையெழுத்துப் போடணும். முதல்ல நீ."

"எனக்குப் பதவி கிடைக்கலை," என்றாள் அவள்.

"அடடா. சரி, அடுத்த தடவை பாக்கலாம். இந்தா, இங்க ஒரு கையெழுத்து."

"போடமாட்டேன்."

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பது சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. "நீ இல்லேன்னா புத்தகமே இல்ல."

"தெரியும்."

அதன் பிறகு அந்த நிபுணர் தன் களிம்பு டப்பா முழுவதையும் திறந்தார். உனக்குச் சிரமமில்லேன்னா என்றார். கொஞ்சம் பெரிய மனசு பண்ணக் கூடாதா என்றார். கண்ணம்மா என்றுகூடச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத இனிப்பு. தெருவில் பாத்திரம் விற்பவன் கூவுவதைக் கேட்பதுபோல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா? வடிகட்டாத பதிவு இருக்கா?"

"இருக்கு. ஆனா அது எதுக்கும் உதவாது."

"உங்களுக்கு உதவாது. கொண்டாங்க."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு அதைப் போட்டாள். உருளை இரைந்தது, அவள் கத்தினாள், கூடம் சிரித்தது.

"ஐயோ அக்கா, உங்க குரல் இவ்ளோ கர்ணகொடூரமாவா இருக்கும்!" என்றாள் ஊசி.

"உன் சிரிப்பைக் கேளுடி. கழுதை தோத்துது."

மறுபடி போடச் சொல்லி எல்லோரும் கூச்சல் போட்டார்கள். கதவருகே புதுத் தலைமை மேற்பார்வையாளர் வந்து நின்றான்.

"தயவுசெய்து, யாரும் தப்பா நினைக்கலேன்னா, கொஞ்சம் அமைதியா இருக்க முடியுமான்னு..."

"கதவைச் சாத்து," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

சாத்தினான். வெளியே நின்றபடி.