தனிக் கிளை

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினாள் மகள். மூன்றாவது மாடியில் அப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார்.

அறைக்குள் நுழைந்ததுமே சித்தப்பா பல்லைக் கடித்தார். “இந்த நிலைமையில அவரை விட்டுட்டு எங்கடி போய்த் தொலைஞ்ச?”

“லேபுக்கு. ரிசல்ட் வந்துடுச்சு சித்தப்பா.”

“பெரிய ரிசல்ட்டு! எங்கண்ணனுக்குத் தவளை, உனக்குக் கம்ப்யூட்டர், எனக்குப் பட்டினி.”

சித்தப்பா கல் குவாரியில் லாரி ஓட்டுபவர். குவாரி குடைந்துகொண்டிருந்த மலையின் சுனையில்தான் சில வருஷங்களுக்கு முன்னால் அப்பா ஒரு தவளையைக் கண்டுபிடித்தார். அந்தச் சுனையை விட்டால் அதே ஜாடைத் தவளை தூரத்துச் சதுப்பு நிலத்தில்தான் உண்டு. நடுவில் முழுக்கப் பொட்டல். பொட்டலைத் தாண்டித் தவளை நடந்தா வரும்? ஒரு காலத்தில் நடுவிலும் ஈரக் காடு இருந்தது. அது காய்ந்தபோது ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மலைத் தவளை தனிக் கிளையாக லட்சக்கணக்கான வருஷம் அங்கேயே வாழ்கிறது. இதுதான் அப்பாவின் கட்சி. மரபணுவை ஒப்பிட்டு வம்ச மரம் போட்டால் உண்மை தெரிந்துவிடும். அப்பா சொன்னது சரியென்று அரசுக் கமிட்டி ஏற்றுக்கொண்டால் குவாரிக்குப் பூட்டு.

அப்பா கண் திறந்தார். பார்வை அவளைத் தாண்டி எங்கோ போனது.

“மரம்...?”

“போட்டாச்சுப்பா.”

“மலைத் தவளை?”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பவில்லை. காதருகே குனிந்தாள்.

“தனிக் கிளைப்பா. நீங்க சொன்ன அதே இடத்துல.”

“எவ்ளோ... பழசு?”

“நீங்க நினைச்சதை விடப் பழசு.”

அப்பா மூச்சை இழுத்துக்கொண்டார். பிறகு, “சரி... பார்த்தியா?”

“ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன்பா.”

அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்த அப்பாவின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு டாக்டரை அழைத்து வரப் போனாள்.

சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். “சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். ஜெயிச்சுட்டுத்தான் எழுந்து போவாரு. என் லாரியைக் காயலாங்கடைக்குத்தான் ஓட்டணும். கமிட்டிக்கு எப்போ கொடுக்கப் போற?”

“இன்னைக்குச் சாயங்காலம் கொடுத்தாகணும்.” அவள் நிமிரவில்லை. “உங்க லாரிக்கு ஒண்ணும் ஆகாது சித்தப்பா.”

“என்னடி உளர்ற?”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கோடுகளில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“தனிக் கிளையே இல்ல. இது அந்த மலையோட தவளையும் இல்ல. நம்ம வீட்டுத் தொட்டியில அப்பா சதுப்புத் தவளை வளர்த்தாரே, அதுங்களோட பேரப்பிள்ளைங்க.”

“வீட்டுத் தவளை மலைக்கு எப்படிப் போகும்? எந்தப் பாவி கொண்டுபோய் விட்டான்?”

நடைபாதையில் செருப்புச் சத்தங்கள் நெருங்கின.

“தொட்டி கழுவுற வாளியைத்தான் சுனைத் தண்ணி எடுக்க மலைக்கும் தூக்கிட்டுப் போவார். முட்டை ஒட்டிக்கிட்டுப் போயிருக்கு.” அவள் மடிக்கணினியை மூடினாள். “அப்பாதான் சித்தப்பா.”

சித்தப்பா அண்ணன் முகத்தைப் பார்த்தார். டாக்டர் காதில் விழுமுன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.