பிப்ரவரி இருபத்தொன்பது

"இதை வெச்சுக்கலாமா, தூக்கிப் போட்டுடலாமா மேடம்?" என்று கேட்டார் மருத்துவமனையின் கணினிப் பிரிவு மேலாளர். அதைச் சொல்லத்தான் ஆலோசகரான அவளை வரவழைத்திருந்தார்கள்.

திரையில் அந்தப் பழைய நிரலைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, நம்ம பிள்ளை! கல்லூரிப் பேராசிரியர் வேலையை உதறிவிட்டு, அங்கே ஆய்வகத்தில் இருந்த தம்பியையும் கிளப்பிக்கொண்டு வந்து, ஓர் அச்சகத்து மாடியில் ஆரம்பித்த கம்பெனியில் எழுதியது. கூடப் பிறந்த தம்பி இல்லை. ஆனால் அக்கா, அக்கா என்று வாய் ஓயாது. இரண்டு மேசை, ஒரே மின்விசிறி. அதுவும் கணினிப் பக்கம்தான் திரும்பியிருக்கும். வியர்த்து வழிய, வயிறு வலிக்கச் சிரித்த நாட்கள்! பிறகு ஆலோசகராக ஏறி இறங்கிய எந்தக் கண்ணாடிக் கட்டிடத்திலும் அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை.

அவரவர் எழுதிய பகுதிக்கு மேலே அவரவர் பெயர் போடுவது வழக்கம். தேதிப் பகுதியில் தம்பியின் பெயர் இருந்தது. இரண்டாயிரமாவது வருஷம், பிப்ரவரி இருபத்தொன்பது என்று ஒரு நாளே கிடையாது என மென்பொருள் சாதித்தது. அன்றைக்கு வந்த நோயாளிகளில் ஒருவர் பெயர்கூடப் பட்டியலில் இல்லை. பேர் கெட்டது. இரண்டே மாதத்தில் கம்பெனி படுத்துவிட்டது. "எல்லாம் உன்னாலதான்" என்று அவள் எரிந்து விழுந்தாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அதோடு சரி.

இப்போதுதான் அந்தப் பகுதியைப் படித்தாள். நான்கால் வகுபட்டால் லீப் வருஷம் என்று தம்பி எழுதியிருந்தான். அதன் கீழே ஒரு திருத்தம்: நூறாலும் வகுபட்டால் லீப் இல்லை. பக்கத்தில் அவனுடைய குறிப்பு: "அக்கா மாத்தச் சொன்னாங்க. படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும்."

நானூறால் வகுபட்டால் மறுபடி லீப் என்பதைப் பன்னிரண்டு வருஷம் பாடம் நடத்திய மகராசி மறந்திருக்கிறாள். அவளுக்கு முகம் சுட்டது. அடுத்த தொல்லை இரண்டாயிரத்து நானூறில்தானே என்று யாரும் அந்த வரியைத் தொடவேயில்லை.

யார் யாரையோ கேட்டு எண் வாங்கி அழைத்தாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?"

"தம்பி, அந்தத் தேதி விஷயம். தப்பு என்னோடதுப்பா."

"தெரியும்க்கா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையேக்கா. திட்டத்தானே செஞ்சீங்க."