ஆடாத இடது கை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அக்காவின் கண்ணைத் திறந்துவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதிய வரி:

‘ஊரார் நடையையெல்லாம் படிக்கத் தெரிந்தவள், தன் வீட்டு நடையை மட்டும்…’

(விட்டுவிட்டேன். தீர்ப்பை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் விசாரணை எதற்கு?)

2

நடந்ததை நேராகவே சொல்கிறேன். அக்கா பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடி நடக்கச் சொல்லிக்கொடுப்பவள். கடைத்தெருவில் எதிரே வருபவரைப் பார்த்ததும், எந்த முட்டி தேய்ந்திருக்கிறது என்று என் காதோடு சொல்வாள். அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. இரண்டு கைக்கும் இரண்டு லீவர். தொங்கும் கண்டெய்னருக்குக் கீழே ஆட்கள்.

சில மாதங்களாக அத்தான் நடக்கும்போது வலது கை வீசுகிறது. இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு சும்மா வருகிறது. அக்காவிடம் சொன்னேன்.

“தோள்பட்டை இறுக்கம்டி. கூண்டுல ஏசி அந்தப் பக்கம்தான் அடிக்குது.”

சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறாரே என்றேன். புதுச் சட்டை, துளை சின்னது என்றாள். முகத்தில் சிரிப்பையே காணோமே என்றேன். அலுப்பு என்றாள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயம்தான்.*

* அதுதான் சிக்கல். அசட்டுக் காரணமென்றால் அவளே தள்ளியிருப்பாள். கெட்டிக்காரர்களுக்குச் சாக்கும் கெட்டியாகவே கிடைக்கிறது.

3

இந்த இடத்தில் அக்கா என்ற பாத்திரம் எனக்கு நம்பும்படியாக இல்லை. இவ்வளவு தெரிந்தவள் இவ்வளவு பார்க்காமல் இருப்பாளா? எழுதியவரைக்கும் அவளிடமே கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தாள். அழுவாள், இல்லையென்றால் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

“போன வாரம் உன் பொண்ணை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிச் சுத்தினாரே, நீதானே போட்டோ எடுத்த? அது எங்க இதுல?”

விட்டுப்போச்சு என்றேன்.

“விட்டுப்போகல. விட்டுட்ட.”

உண்மைதான். அந்தப் படம் என் போனில் இருக்கிறது. எழுதும்போது நினைவுக்கும் வந்தது. கதைக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கினேன். (அவள் ‘தோள்பட்டை’ என்றாள், நான் ‘இடைஞ்சல்’ என்றேன். சொல்தான் வேறு.)

அக்கா தாள்களை மடக்கி வைத்தாள். இதே நடையோடு வேறொருவர் தன்னிடம் வந்திருந்தால் அன்றைக்கே நரம்பு டாக்டரிடம் அனுப்பியிருப்பதாக, என்னைப் பார்க்காமலே சொன்னாள். அன்று சாயங்காலம் அத்தானிடமும் அதையே சொன்னாள். டாக்டர் பார்க்கும்வரை கூண்டில் ஏற வேண்டாம் என்றாள். அவர் மறுப்பார், கைக்கு ஒன்றுமில்லை என்பார் என்றுதான் நினைத்தோம்.

“எனக்கும் தோணிக்கிட்டேதான் இருந்துச்சு. நீ தோள்னு சொன்ன. உனக்குத் தெரியாததான்னு நிம்மதியா இருந்துட்டேன்” என்றார்.

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

4

டாக்டர் அறைக்குள் அவர்கள் இருவரும். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நான். சும்மா இருக்க முடியாமல் மனதுக்குள் இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் நரம்பு நோய் இருந்தது. அத்தானின் முகம், அக்காவின் மௌனம், ஜன்னல் வெளிச்சம் எல்லாம் வரிவரியாகத் தானே வந்தன.

இரண்டாவது: ‘வெறும் தோள்வலிதான் என்று தெரிந்ததும்…’

அதற்கு மேல் ஓடவில்லை. எத்தனை முறை முயன்றும் ஓடவில்லை. அப்போதுதான் உறைத்தது: என் மகளைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றும் அந்த மனிதருக்கு நோய் இருக்கட்டும் என்று எனக்குள் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். இருந்தால் நான் சொன்னது சரியாகிவிடும்.

கதவைத் திறந்துகொண்டு அக்கா மட்டும் முதலில் வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“டாக்டர் சொன்னதைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ சொல்லு. எது வரணும்னு உக்காந்திருந்த?”

உள்ளதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், யார் சரி என்று அதை வைத்தே முடிவு கட்டிவிடுவீர்கள்; எது வந்திருந்தாலும் டாக்டரிடம் போனது சரிதான். ஆனால் இவ்வளவு தூரம் படித்த உங்களுக்குள்ளும் ஒரு முடிவு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும். அது எது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அதுதான் வர வேண்டும் என்று ஏன் நினைத்தீர்கள்?