வீட்டுக்கு வந்த செலக்டர்

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். செலக்டரின் கட்டைவிரலும் அப்படித்தான் என்பதை வள்ளியம்மாள், புருஷன் ரிட்டையர் ஆன மறுநாள் காலையிலேயே கண்டுகொண்டாள்.

ராமமூர்த்தி ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் காலமெல்லாம் செலக்டராக இருந்தவர். சாயம் ஏறிப் பளபளவென்று வரும் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார். பின்பக்கம் நீலச் சாக்பீஸால் ஏ, பி, சி என்று போடுவார். தேறாததற்கு ஒரு பெருக்கல் குறி. அவர் குறி போட்டால் முதலாளியும் மறுபேச்சு பேச மாட்டார். வேலை முடிந்துபோனது, சாக்பீஸ் மட்டும் சட்டைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

முதல் நாளே இட்லி சி கிரேடு. சாம்பார் பி. தட்டித் தட்டிப் பார்த்து அவள் வாங்கிவந்த தேங்காயின் முதுகில் பெருக்கல் குறி. கழுவிக் கவிழ்த்த குண்டானின் அடியில் இன்னொன்று. ஆற்காட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் ஆசையாக மக்கன் பேடா வாங்கி வந்தார்கள். மனுஷன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில ஜீரா ஏறல, சி கிரேடுதான்" என்றார். சம்பந்தியம்மாள் முகம் சுண்டிப்போனது. வள்ளியம்மாளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஓசூரில் இருக்கும் மகள் பாரதி போனில் யோசனை சொன்னாள். "வயசானவங்க புதுசா எதனா கத்துக்கினு இருந்தாத்தாம்மா மூளை சுறுசுறுப்பா இருக்கும். அப்பாவ எங்கனா கிளாஸ்ல சேத்து வுடு."

சொல்பவளுக்கு என்ன, அவள் ஓசூரில் இருக்கிறாள். ஆனாலும் வள்ளியம்மாள் சேர்த்துவிட்டாள். கீபோர்டு கிளாஸிலிருந்து, வாத்தியாருக்கே விரல் சுத்தமில்லை என்று திரும்பி வந்தார். செஸ் கிளாஸில் காயெல்லாம் மட்டமான பிளாஸ்டிக். மாடித்தோட்டப் பயிற்சியில் நாற்றுகளின் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மொத்தத் தட்டையும் ரிஜெக்ட் செய்துவிட்டு வந்தார். இந்த ஆள் பாடம் படிக்கப் போனாரா, பரீட்சை வைக்கப் போனாரா?

அன்று மத்தியானம் ரசத்தைப் பற்றிச் சொல்ல அவர் வாயைத் திறந்ததும் வள்ளியம்மாளுக்குப் பொறுமை எல்லை மீறிவிட்டது. பரணிலிருந்து பையை இறக்கிப் புடவைகளை அடுக்கினாள்.

"கேட்டுக்கோங்க. இன்னும் ஒரே ஒரு கிளாசு. அதையும் உட்டுட்டு வந்தீங்கன்னா நான் ஓசூரு போய்டுவேன். அப்புறம் நீங்களே ஆக்கி, நீங்களே கிரேடு போட்டுக்கோங்க."

"இன்னா வள்ளி, இதுக்குப் போயி..."

"இதுக்குத்தான்."

வெறும் மிரட்டல் இல்லை. இந்த மனுஷனோடு அவள் வாழ்ந்ததெல்லாம் காலையும் ராத்திரியும்தான். நடுவிலிருந்த முழுப் பகலும் அவளுடையது. அதைப் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கியதற்கு மேல் கிரேடும் போடுகிறார். அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் ஒரு எழுத்துப் போடுவார் என்று அடக்கிக்கொண்டாள்.

உட்கார்ந்து யோசித்தாள். நல்லது கெட்டது சொல்லத் தெரிந்த எதில் விட்டாலும் இவர் உருப்பட மாட்டார். தலையும் தெரியாத, வாலும் தெரியாத ஒன்றில் பிடித்துத் தள்ள வேண்டும். பக்கத்து வீட்டு மஹ்பூபியிடம் புலம்பியபோது வழி கிடைத்தது. மஹ்பூபியின் நாத்தனார் ஹலீமா பீ உருது ஸ்கூலில் டீச்சராக இருந்தவர். இப்போது வீட்டு முன்னறையில் பெரியவர்களுக்கு உருது எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்.

"அண்ணனுக்கு உருது பேசினா புரியும் இல்ல, அக்கா?"

"ஷாப்புல கேட்டுக் கேட்டுப் புரியும். எழுத்து ஒண்ணு கூடத் தெரியாது."

"அப்ப அனுப்புங்க. எங்க நாத்தனாரு எதிர்ல யாரும் வாயத் தொறக்க முடியாது."

வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தில் எது நேர், எது கோணல் என்று ராமமூர்த்திக்கு எப்படித் தெரியும்? போனார், வந்தார். டீச்சரைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. அவர் வகுப்புக்குப் போகும் நேரத்தில் வள்ளியம்மாள் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தாள்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் வியர்த்து விறுவிறுத்து வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் உப்புப் போட மறந்திருந்தாள். அது அவர் எழுந்து கை கழுவிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குப் பகீரென்றது.

"இன்னா ஆச்சு?"

சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். பக்கம் முழுக்க அவர் எழுத்து. அதன் மேல் சிவப்பு மசியில் பெரிய பெருக்கல் குறி.

"ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. எல்லார் எதிர்லயும்."

வள்ளியம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே உறைத்தது. இனி அந்தப் படியை இவர் மிதிக்க மாட்டார். கட்டிலுக்கடியில் இருந்த பையை இழுத்தாள்.

"நாளையிலேர்ந்து போவ மாட்டீங்க, அதானே? இப்பவே சொல்லிடுங்க. பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவர் பையைப் பார்க்கவேயில்லை. "நான் ரிஜெக்ட் போட்ட தோலு இன்னா ஆவும்னு உனக்குத் தெரியுமா?"

"குப்பைக்குப் போவும்."

"அதான் இல்ல. திரும்பியும் தேய்ப்பாங்க. திரும்பியும் சாயம் ஏத்துவாங்க. ஏத்திட்டு எங்கிட்டயே எடுத்துனு வருவாங்க. அப்பிடி வந்து ஏ கிரேடு வாங்கின தோலெல்லாம் இருக்கு."

சொல்லிவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வலது ஓரத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். வள்ளியம்மாள் பையும் கையுமாகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அப்புறம் போய்ப் படுத்துவிட்டாள்.

கண் அசந்த நேரம் பார்த்துத் தோளைத் தட்டினார்.

"வள்ளி, இத கொஞ்சம் பாரேன். நல்லாருக்கா?"

கட்டின நாளிலிருந்து ஒன்றுக்கும் அவளைக் கேட்காத மனுஷன், எழுத்து எது பூச்சி எது என்று அவளுக்குத் தெரியாத உருதுக்கு வந்து கேட்கிறார்! அதுவும் தூக்கத்தைக் கெடுத்து! கத்த வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டில் இட்லியை வைத்துவிட்டு, என்ன சொல்லப் போகிறாரோ என்று அவள் தினம் தினம் நின்ற நிற்பு, அப்படியே அவர் முகத்தில் இருந்தது.

எழுந்தாள். தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கட்டைவிரலால் நிதானமாக ஒரு தடவு தடவினாள். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்த சாக்பீஸை உருவி, தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் நீலத்தில் எழுதினாள்.

"சி கிரேடு. இந்த ஓரத்துல மை வழிஞ்சிருக்கு. திரும்பி எழுதுங்க."

ராமமூர்த்தி மறுபேச்சு பேசாமல் தாளை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். சாக்பீஸ் அஞ்சறைப்பெட்டிக்குள் போனது. வள்ளியம்மாள் பையைத் திறந்து புடவைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். இரண்டை மட்டும் பையிலேயே விட்டு வைத்தாள். மனுஷன் அங்கே ஏ கிரேடு வாங்கிவிட்டால் மறுபடி சாம்பாருக்குக் கிரேடு போட வந்துவிடுவார்.