மந்தமாகிப்போன ஏழு கம்பி

ஆறு வருடத்தில் மூன்று கிதார் மாற்றிவிட்டேன். எல்லாவற்றின் மேலும் எனக்கு ஒரே புகார்தான்: சத்தம் மந்தம்.

முதல் கிதார் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆறு கம்பி. பழைய டிஸ்டார்ஷன் பெடலில் அதைச் சொருகினால் தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி இருக்கும். அப்போது அது போதுமாக இருந்தது. எங்கள் பேண்ட் வாசிக்கும் ப்ராக்ரெசிவ் மெட்டல் இசைக்கு இன்னும் கீழே இறங்கும் சுருதி வேண்டுமென்று ஏழு கம்பிக்கு மாறினேன். அதன் சத்தமும் ஒரே வருடத்தில் போர்வைக்குள் போய்விட்டது. இன்னொரு ஏழு கம்பி வாங்கினேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன். கடைசியில் ஆம்ப்பையே விற்று டிஜிட்டல் ப்ராசஸர் வாங்கி, கூர்மையைக் கூட்டும் ட்ரெபிளை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்பான் ஜெரி. அவன் எங்கள் டிரம்மர். ராயபுரத்தில் அவன் வீட்டு மாடியில்தான் ஒத்திகை. எனக்கு நன்றாகவே ஆடத் தெரியும், அதனால்தான் எரிச்சல் வரும்.

முதல் ஆல்பம் ரெக்கார்டிங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது, பேஸ் கிதார் வாசிக்கும் மகிழினி பாதிப் பாட்டில் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஊசியால குத்துற மாதிரி கீதுண்ணா. இந்த சவுண்டோட ஆல்பம் போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"மந்தமா கீதுன்னு நான் சொல்லிகினு கீறேன், நீ ஊசின்ற?"

அவள் எங்கள் முதல் வருட ரெக்கார்டிங்கை போனில் போட்டாள். அன்றைக்கு அந்தக் கூர்மையைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கிறது. இப்போது அதுவும் மந்தம். பழைய ரெக்கார்டிங்கின் பிக்கப்பை யார் போய் மாற்றியிருப்பார்கள்? மறுநாளே காது டாக்டரிடம் நேரம் கேட்டேன்.

எண்ணூரில் இரும்புத் தகடு கிரைண்டிங் செய்வது என் வேலை. காதில் வைக்க இயர் பிளக் கொடுத்திருந்தார்கள். நான் அதைப் பையில் போட்டுவிட்டு, இயர்போனில் எங்கள் பாட்டையே ஓடவிடுவேன். கிரைண்டரை மீறிக் கேட்க வேண்டுமே, அதனால் முழு வால்யூம். எந்தக் கம்பி தெளிவில்லை என்று ஆராய்ச்சி வேறு. அந்தச் சம்பளத்தில்தான் ஒவ்வொரு கிதாரும் வந்தது.

காது டாக்டர் டெஸ்ட் எடுத்துவிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார். கூர்மையான சத்தங்கள் வரும் இடத்தில் கோடு சரிந்து கிடந்தது. போனது வராது என்றார். மறுநாள் ஷிஃப்டுக்குப் போனேன், வேறு எங்கே போவது? இப்போது இயர் பிளக் தவறாமல் வைக்கிறேன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஜெரியிடமும் மகிழினியிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு ஜெரி அந்தப் பழமொழியை எடுக்கவேயில்லை.

ரெக்கார்டிங் அன்று ப்ராசஸரை மகிழினி பக்கம் தள்ளினேன். "நீயே வைம்மா."

அவள் ட்ரெபிளில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். என் கிதார் கொஞ்சம் கொஞ்சமாக என்னைவிட்டுப் போனது. அவள் தலையசைத்தபோது எனக்கு மிச்சமிருந்தது வெறும் தொம் தொம். பதினோரு நிமிடப் பாட்டு. விரலை நம்பி வாசித்து முடித்தேன்.

ஜெரி குச்சியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான். சந்தோஷத்தில் என் காதை மறந்துவிட்டிருந்தான்.

"மாமு, இத்தினி வருசமா தேடிகினு இருந்தியே, அந்த டோன் இதான் மாமு."

"அப்டியா," என்றேன். "எப்டி கீது, கொஞ்சம் சொல்லேன்."