காம்பவுண்டைத் தாண்டாத சத்தம்

தீர்ப்பு வந்த நாளிலிருந்து பாஞ்சாலை வீட்டுச் சத்தம் எதுவும் அவள் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டுவதில்லை. சுவர் மார்பளவு உயரம்தான். சேவல் அதன்மேல் ஏறிக் கூவுவதைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கலாம். கழுத்து நீளும், அலகு திறக்கும், அவ்வளவுதான். குக்கர் ஆவி விடும், விசில் வராது. அந்த வாரம் விருத்தாசலத்தில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்.

பாஞ்சாலை செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண்ணும் வாயும் வரைகிறவள். புருஷன் செத்தபின் வேதத்தில் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் வீட்டில் ஜெபக்கூட்டம்: நாலைந்து பெண்கள், ஒரு கஞ்சிரா, ஒரு மைக். அடுத்த வீட்டு விருத்தகிரி, ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க ரயில் கூவக்கூவத் தூங்கிய அந்த மனிதருக்கு அல்லேலூயாவில் தூக்கம் பிடிக்கவில்லை. வழக்குப் போட்டார். நீதிபதி நியாயமானவர். வீட்டுக்குள் ஜெபிப்பது அவள் உரிமை, யாரும் தடுக்க முடியாது. ஆனால் சத்தம் சுவரைத் தாண்டக் கூடாது என்றார். ஜெயித்துவிட்டதாக இரண்டு வீட்டிலும் லட்டு கொடுத்தார்கள். நாங்கள் இரண்டு பக்கமும் வாங்கித் தின்றோம்.

எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு கோர்ட்டை நம்பி உட்காருகிற பழக்கம் கிடையாது. ஆடு காணாமல் போனாலும் மருமகன் காணாமல் போனாலும் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டிவிடுவோம். சாமி விசாரித்து முடித்ததும் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். விருத்தகிரி செய்த தப்பு, தீர்ப்பின் நகலையே பிராதோடு சேர்த்துக் கட்டி, இதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதுதான். மனுஷக் கோர்ட்டின் உத்தரவு நிறைவேற்ற ஆளில்லாமல் ஏதாவதொரு மேஜையில் கிடக்கும். சாமிக்கு ஆள் பஞ்சமில்லை.

விருத்தகிரியின் மனைவி கொளஞ்சியம்மாளுக்குத்தான் முதலில் உறைத்தது. சாயங்காலம் சுவரில் முழங்கையை ஊன்றிப் பாஞ்சாலையோடு நாலு கதை பேசாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இப்போது இவள் பேசுவது அந்தப் பக்கம் கேட்டது, பதில்தான் வரவில்லை. பாஞ்சாலையின் வாய் மட்டும் ஆடியது. எதிராளி வீட்டு வாசலை மிதித்தால் ஜெயித்த கேஸ் நிற்காது என்று விருத்தகிரி தடுத்துவைத்திருந்தார்.

சேதி பரவியது. கம்மாபுரம் பக்கம், சுரங்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று கூடியவர்களுக்கும் பேச உரிமை உண்டு, ஆனால் சத்தம் பந்தலைத் தாண்டக் கூடாது என்று, சுரங்கக்காரர்கள் இந்தத் தீர்ப்பைக் காட்டியே ஒரு தீர்ப்பு வாங்கினார்கள். யாரோ அதன் நகலையும் கொண்டுபோய்க் கட்டினார்கள். ரோட்டில் நின்ற நாங்கள், வளவன் என்கிற பையன் பந்தலுக்குள் கையை வீசிப் பேசுவதைப் பார்த்தோம். நன்றாகப் பேசுகிறான் என்று கைதட்டினோம். என்ன பேசினான் என்று இதுவரை தெரியாது. தூரத்தில் மண் வெட்டுகிற இயந்திரம் நன்றாகக் கேட்டது. அதன்மேல் யாரும் பிராது கட்டியிருக்கவில்லை.

ஐப்பசியில் பாசி பிடித்த தண்ணீர்த்தொட்டி ஓரம் பாஞ்சாலை வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. விடிந்ததிலிருந்து கத்தினாள். சுவருக்கு இந்தப் பக்கம் விருத்தகிரி, ஊரே என்ன அமைதி என்று மெச்சியபடி பூஜைக்குச் செம்பருத்தி பறித்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் கழித்துக்கட்டிய விரிசல் பொம்மைகள் அவள் வீட்டு முற்றத்தில் குவிந்து கிடந்தன. அங்கே வரை தவழ்ந்து போய் ஒரு பீங்கான் கிளியை எடுத்து வீசினாள். சுவர் தாண்டி வந்து விருத்தகிரியின் காலடியில் விழுந்து உடைந்தது. உடைந்தது இந்தப் பக்கமாதலால் சத்தம் கேட்டது.

"பாத்தியா, இப்ப கிளியால அடிக்கிறா. இதுக்கும் ஒரு கேஸ் போடணும்" என்றார். அடுத்த கிளியும் வந்தது.

கொளஞ்சியம்மாள் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள். "கேஸ கொண்டுபோயி அடுப்புல வைங்க. அவ வாயப் பாருங்க, கொளஞ்சிக்கா கொளஞ்சிக்கான்னு கூப்புடுறா. நீங்க கட்டுன காயிதந்தாங்க அவ தொண்டைய நெரிக்குது."

புடவையைச் செருகிக்கொண்டு சுவரில் ஏறினாள். தலை அந்தப் பக்கம் போனதும்தான் அலறல் அவள் காதில் அறைந்தது. அத்தனை வலியிலும் பாஞ்சாலை பிள்ளையாரையும் மாதாவையும் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கிளிகளை மட்டும்தான் எறிந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் விருத்தகிரி கட்டிலருகே நின்று, "எந் தப்புதாம்மா" என்றார்.

"பாத்துப் பேசுங்கண்ணே" என்றாள் பாஞ்சாலை. "இங்க காம்பவுண்டு எங்க இருக்குதுன்னு தெரியல."

அவர் கோயிலுக்கு ஓடி ராஜினாமா கொடுத்தார். மறுநாள் தெருவே வாசலில் நின்று சேவலைப் பார்த்தது. கழுத்து நீண்டது, அலகு திறந்தது, அவ்வளவுதான். அவர் தீர்ப்பைக் காட்டி மற்றவர்கள் வாங்கிய தீர்ப்புகளும், அவற்றோடு கட்டிய பிராதுகளும் அதன்மேல் மேலே மேலே ஏறிக் கிடந்தன. அடியில் இருப்பதை மட்டும் உருவ சாமியாலும் முடியாது என்று பேசிக்கொண்டார்கள். அதற்குள் எங்கள் தெருவிலேயே ஒருவர்மேல் ஒருவர் உத்தரவு வாங்கிக் கோயிலில் கட்டி முடித்திருந்தோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விருத்தகிரி சுவரோரம் செங்கல் அடுக்கி அதன்மேல் நாற்காலி போட்டுத் தலையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறார். அப்போதுதான் தூக்கம் வருகிறதாம். மற்ற நேரத்தில் அவசரமென்றால் எறிவதற்கு எல்லோர் வீட்டு முற்றத்திலும் ஒரு கூடை பொம்மை இருக்கிறது. கழித்ததெல்லாம் தீர்ந்துவிட்டதால் எறிவதற்கென்றே கம்பெனியில் புது அச்சு போட்டிருக்கிறார்கள். பாஞ்சாலை ஸ்டூலில் உட்கார்ந்து கண் மட்டும் வரைகிறாள். வாய் வேண்டாம், பெயின்ட் மிச்சம் என்று முதலாளி சொல்லிவிட்டார். டஜன் அறுபது ரூபாய். தெருவாகச் சேர்ந்து எடுத்தால் கொஞ்சம் குறைத்துத் தருகிறார்கள்.