இன்சுலினுக்குப் பதிலாக ஒரு டப்பா

நீர் அரைமட்டத்தில் இருந்தால்தான் பாறைப்பாசி நிமிர்ந்து நிற்கும். அதனால் எங்கள் வேலைநேரத்தைக் கடல்தான் தீர்மானிக்கும். அந்த அக்டோபர் விடியலில், அமெரிக்காவின் மெய்ன் கரைக் குளிர் கையுறைக்குள் புகுந்து விரலைக் கடிக்க, எல்டனும் நானும் படகில் நின்று நீளக்கம்பு வாரியை வீசி இழுத்துக்கொண்டிருந்தோம். பாசி கற்றை கற்றையாக அறுந்து வந்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது.

எல்டன் மறுபடி தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

"என்னடா, கடலையே குடிச்சிருவ போலிருக்கு?"

"தாகம் அடங்க மாட்டேங்குது வெய்ன்."

சொல்லி முடிக்குமுன் படகு விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தான். அவன் மூச்சில் அழுகிய ஆப்பிள் வாடை.

"இன்சுலின் போட்டியா இல்லியா?"

"எதை வச்சுப் போடுறது? இன்சூரன்ஸத்தான் முதலாளி நிறுத்திட்டாரே. அவரு குடுத்த மாத்திரையத்தான் முழுங்கிட்டிருக்கேன்."

நாங்கள் வாரும் பாசியின் சாற்றிலிருந்துதான் முதலாளி ஹாஸ்கெல் அந்த மாத்திரையைச் செய்கிறார். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை அது கொஞ்சம் தணிக்கிறது, உடல் பருமனுக்கும் உதவலாம் என்று ஆய்வுக்கூடத்து ஹானா சொன்னபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஹாஸ்கெல் எங்கள் மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு டப்பாவைக் கையில் திணித்தார். "நம்ம மருந்து நம்மகிட்டயே இருக்கு" என்றார்.

எல்டன் பாசிக் குவியலின்மேல் சரிந்தான். எத்தனை முறை கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஆழமாக இழுத்து இழுத்து வந்தது. எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கினேன்.

ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் ஹாஸ்கெல் படகுத்துறைக்கு வந்தார்.

"பாவம் எல்டன். சரி, சரக்கை இறக்குங்க. வெயில் ஏறினா புளிச்சிரும். நாளைக்கு மாத்திரை வாங்குறவங்க பார்க்க வர்றாங்க."

நான் அசையவில்லை. "அவன் இன்சுலினை நிறுத்தினது உங்க டப்பாவ நம்பித்தான்."

"நிறுத்தச் சொல்லி நான் சொன்னேனா?"

"வாங்க வழியில்லாமப் பண்ணீங்க. அப்புறம் இதைக் கையில குடுத்தீங்க. வேற எப்படிச் சொல்லணும்?"

ஹானா வெள்ளை அங்கியோடு படியிறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "இது இன்சுலினுக்குப் பதில் ஆகாதுன்னு முதல் நாளே உங்ககிட்ட சொன்னேன் சார். இவங்ககிட்ட நான் நேரா சொல்லியிருக்கணும்."

"நீ உள்ள போ."

அவள் போகவில்லை.

உலர்த்தும் கூடத்தின் இரைச்சல் சட்டென நின்றது. நெரெய்தா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஹோண்டுராஸிலிருந்து வந்து எட்டு வருடமாக அந்த வெக்கையில் நிற்பவள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்களும் பாசித்தூள் படிந்த முகத்தோடு வந்தார்கள்.

"அடுப்ப அணைச்சிட்டோம். இன்சூரன்ஸ் திரும்பி வர்ற வரைக்கும் பத்தவைக்க மாட்டோம்."

"உங்க எல்லாரையும் இன்னைக்கே அனுப்பிருவேன். ஆளா கிடைக்காது?"

"கூட்டிட்டு வாங்க. எல்டன் ஏன் விழுந்தான்னு அவங்களுக்கும் சொல்லுறோம்" என்றாள் நெரெய்தா.

மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, சரக்கை இறக்காமல் எங்கள் படகோடு தங்கள் படகைச் சேர்த்துக் கட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எல்டன் உயிரோடு இருக்கிறான். இன்னும் கண் விழிக்கவில்லை.

கடைசியாக வந்தது ரூஃபஸின் படகு. ரூஃபஸ், ஹாஸ்கெலின் மனைவிக்குத் தம்பி. இதுவரை எங்கள் பேச்சு எதிலும் கலந்துகொள்ளாதவன். ஹாஸ்கெல் துறையின் நுனிக்கே ஓடிப்போய், "ரூஃபஸ், இங்க கொண்டா, நீ இறக்கு" என்று கத்தினார்.

ரூஃபஸ் அவரைப் பார்த்தான். ஆளில்லாமல் கிடந்த எல்டனின் வாரியைப் பார்த்தான். கயிற்றைக் கையில் சுருட்டியபடி என்னிடம் கேட்டான்:

"வெய்ன், எங்க கட்டணும்?"

நான் கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.